ஒற்றைப்படைப் பூக்களுக்கான அனுமதி

பொகொமிலின் கடையில் பன்னிரண்டு கார்னேஷன் கேட்டால் கிடைக்கும். பதினொன்று கேட்டால் கிடைக்காது. கல்லறைத் தோட்டத்து வாசலை ஒட்டியிருந்த அந்தக் கடையின் உரிமத்தில் 'இறந்தோருக்கான பூக்கள், மெழுகுவர்த்திகள் மற்றும் அவை சார்ந்தவை' என்று எழுதியிருந்தது. எங்கள் ஊரில் இறந்தவர்களுக்கு இரட்டைப்படையில் பூ வைப்போம், உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படையில் கொடுப்போம். சோஃபியா நகரில் நடக்கப் பழகிய குழந்தைக்குக்கூட இது தெரியும். அவசரத்தில் எண்ணாமல் ஆறு ரோஜாவோடு பெண் கேட்கப் போன எங்கள் தெரு தபால்காரருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

இருபத்தாறு வருடம் இரட்டைப்படையாகவே எண்ணிய கை பொகொமிலுடையது. பூவைக் கண்டால் அவர் கண் தானாக எண்ணும். குறை ஒன்றும் இல்லாத வியாபாரம். ஆனால் கல்லறைத் தோட்டம் நிறைந்துவிட்டது. புதிதாக இறப்பவர்களைப் பேருந்து போய்த் திரும்பும் கடைசி நிறுத்தத்துக்கு அப்பால் கொண்டுபோகத் தொடங்கினார்கள். பழைய இறந்தவர்களைப் பார்க்க வரும் பழைய மனிதர்கள் மட்டும் பொகொமிலிடம் மிஞ்சினார்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அவர்களிலும் சிலர் அந்தக் கடைசி நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அதே சமயத்தில் தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த கையுறைத் தொழிற்சாலையைப் பிரசவ மருத்துவமனையாக மாற்றினார்கள். பிள்ளை பிறந்த சேதி கேட்டு ஓடிவந்த இளம் அப்பன்கள் முதலில் கண்ணில் பட்ட பூக்கடைக்குள் நுழைவார்கள். மலர்வளையத்தையும் கறுப்பு நாடாவையும் பார்த்ததும் நெஞ்சில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, நுழைந்ததைவிட வேகமாக வெளியே ஓடுவார்கள்.

பொகொமிலின் மகள் ராலிட்சாவுக்கு மே மாதம் அதே மருத்துவமனையில் பிரசவம். அவர் மனதில் இருந்தது ஒரே ஒரு ஆசை. பிள்ளை பிறந்த அன்று தன் கடையிலிருந்தே ஒன்பது வெள்ளைப் பியோனிப் பூக்களை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவைக் கடக்க வேண்டும்.

"ஒரு கட்டுலேருந்து ஒரு பூவ உருவிட்டா முடிஞ்சுது. அதுக்கு எதுக்கு ஆபீசுக்குப் போயி அனுமதி கேக்கணும்?" என்று அவர் மனைவி நெவெனா கேட்டாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் மூன்று கடை தள்ளிக் கல்லறை மெழுகுவர்த்தி விற்ற ஒருவர் பிறந்தநாள் கேக்கில் வைக்கும் சின்ன மெழுகுவர்த்தி ஒரே ஒரு பெட்டி விற்றதற்காக அவர் கடைக்கு சீல் வைத்ததைப் பொகொமில் நேரில் பார்த்திருக்கிறார். அந்த சீலைப் பிரிப்பதற்குள் இரண்டு கோடை போய்விட்டது. உள்ளே இருந்த மெழுகுவர்த்திகள் எல்லாம் ஒரே மெழுகுவர்த்தியாகிவிட்டன.

ஆகவே அவர் ஜனவரியில் விற்பனை வகை விரிவாக்க ஆணையத்துக்குப் போனார்.

ஜன்னலுக்குப் பின்னால் ஜெச்கா அம்மாள் உட்கார்ந்திருந்தார். படிவத்தை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்துவிட்டு, ஏழாவது பத்தியில் விரலை வைத்தார். தற்போதைய பயனாளிகள் பத்துப் பேரின் ஒப்புதல் வேண்டும்.

வாடிக்கையாளர்களிடம் கையெழுத்து வாங்கி வருவதாகப் பொகொமில் சொன்னார்.

"வாங்கிட்டுப் போறவங்க வாடிக்கையாளருங்க ஐயா. பூ யாருக்குப் போய்ச் சேருதோ அவங்கதான் பயனாளி."

"அம்மா, அவங்க எல்லாம் செத்துப்போனவங்க."

"அதனால அவங்க உரிமைய விட்டுக்கொடுக்கச் சொல்றீங்களா?" என்று ஜெச்கா அம்மாள் வருத்தத்தோடு கேட்டார்.

பொகொமிலுக்கு வெட்கமாகிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்து இரங்கிய அம்மாள், விதியிலேயே ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். பயனாளிகள் பார்க்கும் இடத்தில் அறிவிப்பு ஒட்டி, முப்பது நாளுக்குள் யாரும் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளலாம். அப்படியே கல்லறைத் தோட்டத்துச் சுவரில், கறுப்புக் கரை போட்ட இரங்கல் தாள்களுக்கு நடுவே, பொகொமிலின் அறிவிப்பும் ஒட்டப்பட்டது. தெருவில் பாதிப் பேர் அதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு நெவெனாவிடம் துக்கம் விசாரிக்க வந்தார்கள். முப்பது நாளில் ஒரே ஒரு ஆட்சேபம் வந்தது. ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவரின் விதவை வந்து, "எங்க வீட்டுக்காரரு இருந்திருந்தா கண்டிப்பா எதுத்திருப்பாரு, அவரு எல்லாத்தையும் எதுப்பாரு, எழுதிக்குங்க" என்றாள். எழுதிக்கொண்டார்கள், ஆனால் பயனாளியே நேரில் வராததால் கணக்கில் சேர்க்கவில்லை.

மார்ச் முதல் வாரத்தில் ஆணையம் கூடியது. ஐந்து பேரும் மணிக்கட்டில் வசந்தத்தை வரவேற்கும் மார்ச் மாதத்துச் சிவப்பு வெள்ளை நூல் கட்டியிருந்தார்கள். நீண்ட மேசையின் நடுவில் ஒரு கண்ணாடிச் சாடியில் பிளாஸ்டிக் பூக்கள் இருந்தன. எத்தனை என்று அன்று பொகொமில் எண்ணவில்லை. பயத்தில் கண் மறந்துவிட்டது.

தலைவர் தெர்சியெவ் பருத்த, கனிவான மனிதர். அவர் எழுந்து பேசினார்.

"எங்க ஆணையம் ஆரம்பிச்சு பதினெட்டு வருஷம் ஆகுது பொகொமில் ஐயா. இதுவரைக்கும் ஒரு விண்ணப்பத்தக்கூட நாங்க நிராகரிச்சதில்ல. அதுக்காக ஏத்துக்கிட்டோம்னும் அர்த்தமில்ல. ரெண்டுல எது செஞ்சாலும் கோப்பு மூடிரும். கோப்பு மூடிட்டா அந்த வியாபாரிய அப்புறம் யாரு பாத்துக்கிறது? நாங்க ஒருத்தரையும் கைவிட்டதே இல்ல."

மற்ற நான்கு பேரும் நெகிழ்ந்து போனார்கள்.

பிறகு முடிவை வாசித்தார்கள். விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்ட நாள் முதல் கடை மாறுதல் நிலைக்கு வந்துவிட்டது. பழைய வகை நிறுத்திவைக்கப்படுகிறது, புதிய வகை இன்னும் வழங்கப்படவில்லை. ஆகவே கடைக்காரர் இரட்டைப்படையிலும் விற்கக் கூடாது, ஒற்றைப்படையிலும் விற்கக் கூடாது.

அப்படியென்றால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றார் பொகொமில். தாராளமாகச் செய்யலாம் என்றார் தெர்சியெவ். ஆனால் திரும்பப் பெறுவதும் ஒரு வகை மாற்றம்தான். அதற்கு மாறுதல் நிலையில் இல்லாத கடைக்காரர்தான் விண்ணப்பிக்க முடியும்.

மறுவாரம் ஆத்மாக்களின் சனிக்கிழமை. வருடத்தில் ஊரே கல்லறைக்கு வேகவைத்த கோதுமையும் மதுவும் பூவும் எடுத்துக்கொண்டு வரும் நாள். அந்த ஒரு நாளை விட்டால் அடுத்த குளிர்காலத்தைக் கடை பார்க்காது. இரட்டைப்படையும் இல்லாமல் ஒற்றைப்படையும் இல்லாமல் இருக்கிற எண் எது என்று பொகொமில் இரண்டு நாள் யோசித்தார். வெள்ளிக்கிழமை மாலை கத்தரிக்கோலை எடுத்தார். சனிக்கிழமை காலை கடை வாசலில் 'ஐந்தரைப் பூ' என்று பலகை வைத்தார்.

வந்தவர்கள் முதலில் தயங்கினார்கள். நில அளவையாளரின் விதவைதான் முதலில் வாங்கினாள். "பரவால்ல குடு. அவரும் எதையும் பாதியிலதான் விட்டுட்டுப் போவாரு" என்றாள். அதன் பிறகு வரிசை கல்லறை வாசல் வரை நீண்டது.

பதினோரு மணிக்கு ஜெச்கா அம்மாள் வந்து ஒரு கட்டைப் பிரித்து மேசையில் பரப்பினார். பாதிப் பூ என்பது மேல்பாதியா கீழ்ப்பாதியா என்று கேட்டார். மேல்பாதி என்றால் அதில் இதழ் இருக்கிறது, ஆகவே அது முழுப் பூ, ஆகவே விற்றது ஆறு. கீழ்ப்பாதி என்றால் அது வெறும் காம்பு, காம்பு தழைக் கணக்கு, ஆகவே விற்றது ஐந்து. நெட்டுக்குத்தாக வெட்டினேன் என்றார் பொகொமில். அம்மாள் அந்த அரைப்பூவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரைப்பூ என்று மூன்றாவது வகை ஒன்று இருப்பது ஆணையத்துக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. அதற்குத் தனி விண்ணப்பம் போடவேண்டும் என்று சொல்லி, அந்த விண்ணப்பத்தையும் தானே பூர்த்தி செய்து, பொகொமிலிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது அவருக்கு இரண்டு கோப்புகள் ஆயின. இரட்டைப்படை ஆகிவிட்டதே என்று நெவெனா சொன்னாள். பொகொமில் சிரிக்கவில்லை.

ஏப்ரலில் தெர்சியெவ் நேரில் வந்தார். கடையைச் சுற்றிப் பார்த்தார். தரையில் இருந்த மரக்கதவைத் தூக்கச் சொல்லி, கீழே நிலவறையையும் எட்டிப் பார்த்தார். அங்கே தெருவின் நடைபாதைக்கு மட்டமாக, கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. எங்கள் ஊரில் பாதி நிலவறைகளில் அப்படி ஜன்னல் வைத்து சிகரெட்டும் பியரும் விற்கிறார்கள். நாங்கள் நடைபாதையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாங்கிக்கொண்டு போவோம். யாருக்கும் அது விநோதமாகப் படுவதில்லை. தெர்சியெவுக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"உங்க பிரச்சன தீந்துச்சு. செத்தவங்களுக்கு மேல, உயிரோட இருக்கறவங்களுக்குக் கீழ."

மாற்றி வைக்க வேண்டாமா என்று பொகொமில் பணிவாகக் கேட்டார்.

"யோசிச்சுத்தான் சொல்றேன். துக்கத்துல வர்றவங்கள குனியச் சொல்ல முடியுமா? மனசு கேக்குமா? புள்ள பொறந்த அப்பன் சந்தோஷத்துல வர்றான். அவன் எதுக்கும் குனிவான். பொதுவாவே உயிரோட இருக்கறவங்க குனிவாங்கய்யா, நான் என் சர்வீஸ்ல பாத்தது அதான்."

இவ்வாறு பரிசோதனை அனுமதி கிடைத்தது. நிபந்தனைகள் நான்கு பக்கம். இரண்டு வகைப் பூவும் ஒரே வாளித் தண்ணீரில் நிற்கக் கூடாது. ஒரே கத்தரிக்கோல் கூடாது. ஒரே ஆள் இரண்டையும் விற்கக் கூடாது. ஒற்றைப்படையை மனதாலும் தீண்டாதவர்தான் மேலே இரட்டைப்படை விற்கலாம் என்பதால் மேல்கடை நெவெனாவுக்குப் போனது. விண்ணப்பித்த குற்றத்துக்காகக் கீழ்க்கடை பொகொமிலுக்கு வந்தது. வேலை நேரத்தில் இருவரும் கலந்துவிடாமலிருக்க, தினமும் காலை எட்டு மணிக்கு ஜெச்கா அம்மாள் வந்து, பொகொமில் கீழே இறங்கியதும் மரக்கதவை மூடி, அதன் குறுக்கே ஒரு விரல் அகலக் காகிதத்தை ஒட்டி முத்திரை குத்திவிட்டுப் போவார். மாலை ஐந்து மணிக்கு வந்து பிரிப்பார். நிலவறைக்கு வேறு வாசல் கிடையாது. காகிதம் கிழிந்தால் இரண்டு வகையும் ரத்து.

பொகொமில் உயிரோடு இருப்பவர்களுக்குப் பூ விற்கத் தொடங்கினார். முதல் வாரத்திலேயே அவருக்கு எங்கள் தெருவில் எல்லோருடைய செருப்பும் அத்துப்படியாகிவிட்டது. முகங்கள் எப்போதாவது குனிந்து வந்தால்தான் உண்டு. வியாபாரம் என்னவோ நன்றாக நடந்தது. ஐந்து, ஏழு, ஒன்பது என்று அப்பன்கள் குத்துக்காலிட்டு வாங்கிக்கொண்டு ஓடினார்கள். மருத்துவமனைக்குள் யாரையும் விடுவதில்லை. தாய்மார்கள் மாடி ஜன்னலிலிருந்து பாண்டேஜ் துணியை முறுக்கிக் கயிறாக்கி இறக்குவார்கள். கீழே நிற்பவர்கள் அதில் பூவையும், பனிட்சா என்ற பாலாடைக்கட்டி அப்பத்தையும் கட்டி அனுப்புவார்கள். அந்தக் கயிறுகளின் கீழ்நுனி மட்டும் நிலவறையிலிருந்து தெரியும். பொகொமில் நாள் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மேலே நெவெனாவின் காலடி கேட்கும். அவர் இருமினால் அவளும் ஒருமுறை இருமுவாள். பேசுவது கலப்பா இல்லையா என்பதை நிபந்தனைகள் தெளிவாகச் சொல்லவில்லை.

புனித ஜார்ஜ் திருநாளுக்கு முந்தின நாள் காலையில் சீல் வைத்துவிட்டு, ஜெச்கா அம்மாள் மதியமே தன் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். பிரிக்க ஆள் வர மூன்றாம் நாள் ஆயிற்று. ஊரெல்லாம் ஆட்டுக்கறி மணத்தது. நெவெனா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தெருவில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்பி வழியாகத் துண்டு துண்டாகக் கொடுத்தாள்.

"எத்தன துண்டு வேணும்? ஒத்தையா ரெட்டையா?"

"நெவே, சும்மா இரு."

"கிழிச்சுட்டு மேல வா பொகோ. காகிதந்தான அது."

"இன்னும் ரெண்டு வாரம். ராலிட்சாவுக்குப் புள்ள பொறக்கட்டும். சரியா ஒன்பது பூவ எடுத்துட்டு, சட்டப்படி, நெஞ்ச நிமித்திட்டுத் தெருவத் தாண்டுவேன்."

நெவெனா மிச்சத் துண்டுகளையும் கம்பி வழியாகக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

பிள்ளை ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பிறந்தது. பொகொமில் மாலை ஐந்துக்குப் பிறகுதான் பிறக்கும் என்று எதனாலோ நம்பிக்கொண்டிருந்தார். மருமகன் ஓக்னியானின் டிராம் ஓட்டுநர் பூட்சு ஓடிவந்து ஜன்னலில் நின்றது. அவன் குத்துக்காலிடவில்லை, அப்படியே நடைபாதையில் படுத்துவிட்டான்.

"மாமா, பொண்ணு. மூணு கிலோ நானூறு. ராலிட்சா நல்லாருக்கா. பூ குடுங்க, சீக்கிரம், கயிறு விட்டுட்டா."

பொகொமில் அந்த வாரம் முழுவதும் தனி வாளியில் வைத்திருந்த ஒன்பது வெள்ளைப் பியோனிகளையும் எடுத்தார். ஒவ்வொன்றும் குழந்தையின் தலை அளவு. ஐந்து மணி வரை இரு, நானே கொண்டு வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் கயிறு காத்திருந்தது, அதன் மேல்நுனியில் மகள் நின்றுகொண்டிருந்தாள். கம்பிகளின் இடுக்கில் கட்டை நுழைத்தார். ஓக்னியான் இழுத்தான். கொஞ்சம் சிக்கியது. அவன் இன்னும் பலமாக இழுத்தான், பிடுங்கிக்கொண்டு எழுந்து ஓடினான்.

பொகொமிலின் காலடியில் ஏதோ மெத்தென்று விழுந்தது. குனிந்து பார்த்தார். கம்பியில் மாட்டி ஒடிந்த ஒரு பியோனி.

அவர் கண் தானாக எண்ணியது.

இருபத்தாறு வருடம் அவர் எட்டுப் பூக் கட்டுகளைக் கட்டியிருக்கிறார். எந்த எட்டு எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். இப்போது ஒரு எட்டு, பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத குழந்தையைப் பார்க்கத் தெருவைக் கடந்துகொண்டிருந்தது. ஓக்னியானைக் கூப்பிட்டார். டிராம் மணியில் குரல் எடுபடவில்லை. ஒடிந்த பூவை எடுத்துக்கொண்டு படிகளில் ஏறினார். மரக்கதவைத் தலையாலும் தோளாலும் முட்டினார். காகிதம் கிழிந்தபோது சத்தம்கூட வரவில்லை.

மேலே நெவெனா ஒரு கிழவருக்குப் பத்துக் கார்னேஷன் கட்டிக்கொண்டிருந்தாள். தரையிலிருந்து புருஷன் முளைப்பதைப் பார்த்து, கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

"பொகோ, சீல்."

"எட்டு போயிருச்சு நெவே."

நெவெனா கடைக் கதவை விரியத் திறந்து பிடித்தாள்.

அவர் தெருவைக் கடந்தபோது கட்டு இரண்டாவது மாடிக்குப் போய்விட்டிருந்தது. மூன்றாவது மாடி ஜன்னலில் ராலிட்சா வெளுத்த முகத்தோடு கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் கை நின்றது. கட்டு நடுவானத்தில் சுற்றியது.

"அப்பா, நீ எப்படி வெளிய வந்த?"

"எறக்கும்மா. ஒண்ணு கொறையுது."

அவள் இறக்கினாள். பொகொமில் நடைபாதையில் மண்டியிட்டு, ஒடிந்த பூவைச் சட்டைப் பையிலிருந்த நூலால் மற்றவற்றோடு கட்டினார். இரண்டு முறை எண்ணினார். பிறகு கயிற்றை லேசாக ஆட்டினார். ஒன்பதும் மேலே போய் ஜன்னலுக்குள் மறைந்தன. ஓக்னியான் பக்கத்தில் தலையில் கைவைத்து நின்றிருந்தான். ஏழு வாரத்தில் முதல்முறையாக அவன் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பொகொமில், அவன் மீசை வைத்திருப்பதைக் கவனித்தார்.

ஐந்து மணிக்கு ஜெச்கா அம்மாள் வந்து கிழிந்த காகிதத்தை ஓர் உறைக்குள் போட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

ஆணையம் அவசரமாகக் கூடியது. தெர்சியெவ் கோபப்படவில்லை, குழம்பிப்போயிருந்தார். "நிலவறையில வித்தது எட்டு. அது இரட்டை, அங்க விக்கக் கூடாது. தெருவுல குடுத்தது ஒண்ணு. அது ஒத்தை, ஆனா தெருவுக்கு உரிமம் இல்ல. ரெண்டும் சேந்து ஒன்பது ஆனது நடைபாதையில, அப்புறம் போனது ஆகாயத்துல. ஆகாயம் எந்த வட்டாரத்துல வருதுன்னு முதல்ல கண்டுபிடிக்கணும். அவசரப்பட்டு உங்கள தண்டிச்சு அனுப்பிட்டா, அது நாங்க உங்களுக்குச் செய்யற துரோகம்."

விசாரணை முடியும்வரை கடையின் இரண்டு வகைக்கும் சீல் வைத்தார்கள். விசாரணை இன்னும் முடியவில்லை. பொகொமில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆணையத்துக்கு நேரில் போய், தான் ஊரில் இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பெயரில் இப்போது ஐந்து கோப்புகள். நெவெனா மருத்துவமனைச் சலவையறையில் வேலைக்குப் போகிறாள். தாய்மார்கள் முறுக்கி இறக்குகிற பாண்டேஜ் கயிறுகளை அவள்தான் துவைத்து மடிக்கிறாள்.

போன திங்கட்கிழமை அவர் பேத்தி தேயாவையும் கூட்டிக்கொண்டு போனார். அவளுக்கு நான்கு வயது ஆகப்போகிறது. தாத்தா கையெழுத்துப் போடும் வரை மேசை ஓரத்தில் மோவாயை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணாடிச் சாடியில் தூசி படிந்து நின்ற பிளாஸ்டிக் பூக்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். தாத்தாவிடமிருந்து வந்த பழக்கம். எட்டில் விரல் நின்றது. ஒன்பதாவதைத் தேடிச் சாடிக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தாள். இல்லை.

"தாத்தா," என்று அவள் மெதுவாகக் கேட்டாள், "இங்க யாரு செத்துப்போனா?"

ஜெச்கா அம்மாள் முத்திரையைக் கீழே வைத்தார். தெர்சியெவ் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, சாடியைத் தன் பக்கம் இழுத்து, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.